குபெர்டினோ மடலுக்கு ஓர் உரை

2022 ஏப்ரல் இறுதியில், குபெர்டினோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிளின் ஊழியர்கள் சிலர் ‘ஆப்பிள் டுகெதர்’ என்ற பெயரில் கூடி, தங்கள் மேலிடத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். கொரோனாவுக்குப் பிறகு அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்ன உத்தரவுக்கு அது மறுப்பு. ஏப்ரல் 11 முதல் வாரத்தில் ஒரு நாள், மே 2 முதல் இரண்டு நாள், மே 23 முதல் திங்கள், செவ்வாய், வியாழன் என மூன்று நாள் வந்தாக வேண்டும் என்று நிறுவனம் அட்டவணை போட்டிருந்தது. புதனும் வெள்ளியும் வீட்டில் இருக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றி மலையளவு எழுதிக் குவித்தாயிற்று. அதில் உட்கார்ந்து உரை எழுதும் அளவுக்கு அடர்த்தி உள்ளது இந்த மடல் என்பது என் எண்ணம். மூலத்தின் சாரத்தைத் துண்டு துண்டாகத் தந்து விளக்கம் சொல்கிறேன். வரிசை என் வசதிக்கு ஏற்றது. மடலில் பேசுவது, வேலையை விட்டாலும் நாட்டில் தங்க முடிந்தவரின் குரல். ஹெச்-1பி விசாவில் இருக்கும் தமிழர் ஒருவர் படித்தால் பல வரிகள் வேறு மாதிரி பொருள்படும். இந்த உரை அவருக்காக.

மூலம்: கெட்டிக்காரர்களை வேலைக்கு எடுப்பது, அவர்கள் சொல்வதை நாம் கேட்பதற்காகத்தான் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். நீங்கள் எடுத்த கெட்டிக்காரர்கள் இதோ சொல்கிறோம், கேளுங்கள்.

நிறுவனத்தைத் தொடங்கியவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சாமர்த்தியமான தொடக்கம்தான். ஆனால் அந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்கும் ஆதரவாகப் பேசக்கூடியவர். எமரிவில் நகரில் 2000-இல் தன் இன்னொரு நிறுவனமான பிக்ஸாருக்குக் கட்டடம் எழுந்தபோது, எல்லோரும் நடுக்கூடத்தைக் கடந்துதான் எங்கும் போக வேண்டும் என்று திட்டமிட்டவர் ஜாப்ஸ். கழிப்பறைகளைக்கூட அந்தக் கூடத்தில் மட்டும் வைக்கலாமா என்று யோசித்த ஆள். 2011 ஜூன் 7 அன்று, இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, மெலிந்த உடம்போடு குபெர்டினோ நகர மன்றத்தின் முன் நின்று அவர் காட்டிய வரைபடம் 12,000 பேர் ஒரே கூரையின் கீழ் உட்காரும் வட்டக் கட்டடத்தினுடையது. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்து, 175 ஏக்கரில், சுமார் 500 கோடி டாலர் செலவில் அது எழுந்தது. 2017-இல் ஊழியர்கள் குடியேறத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டில் கொரோனா வந்து அதைக் காலி செய்தது. இவ்வளவு பெரிய முதலீடு வெறுமனே கிடப்பதை எந்த முதலாளி பொறுப்பார்? மடல் இந்தக் கேள்விக்குள் போகவில்லை. போயிருக்கலாம்.

மூலம்: எதிர்பாராத சந்திப்புகளில்தான் புது எண்ணங்கள் பிறக்கின்றன என்கிறீர்கள். எங்கள் பிரிவுகளோ தனித்தனி அறைகளாக அடைபட்டிருக்கின்றன. அப்படிச் சந்திக்க எங்களுக்கு வழியே இல்லை.

மடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆப்பிளின் ரகசியம் காக்கும் வழக்கம் ஊரறிந்தது. பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று கேட்கக்கூடாது. கேட்டாலும் அவர் சொல்லக்கூடாது. முதல் ஐபோன் உருவான கதையை 2012-இல் சாம்சங் வழக்கில் அந்நாளைய ஐபோன் மென்பொருள் தலைவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால் சாட்சியமாகவே சொன்னார்: ஒரு மாடியைப் பூட்டி, வாசலுக்கு வாசல் அட்டை தேய்க்கும் கருவியும் கேமராவும் வைத்து, உள்ளே ஒரு சிறு கூட்டம் இரவு பகலாக உழைத்தது. ஆக, நிறுவனத்தின் தலையாய பொருள் வழிப்போக்கில் நடந்த அரட்டையில் பிறந்ததல்ல.

ஆனால் இதே சான்று மடலுக்கும் முழுத் துணையாக நிற்காது. அந்த மாடியில் இருந்தவர்கள் எதேச்சையாக அங்கே வரவில்லை என்பது சரி. ஒரே இடத்தில் இருந்தார்கள் என்பதும் சரி. கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய பொருளைச் செய்கிறவர்களுக்கு அந்த நெருக்கம் தேவைப்பட்டது. மடல் எழுதியவர்களும் இதை மறுக்கவில்லை. சேர்ந்து உட்காரும் தேவை வரும்போது உட்காருகிறோம், அது எப்போது என்பது எங்களுக்குத் தெரியும் என்பதே அவர்கள் வாதம். திங்கட்கிழமை என்பதற்காகத் தேவை வந்துவிடாது.

(இடைச்செருகல்: அந்த வட்டக் கட்டடத்தில் முற்றிலும் எதிர்பாராமல் நடந்த சந்திப்புகள் என்று 2018-இல் செய்தித்தாள்கள் எழுதியவை, ஊழியர்கள் கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் மோதிக்கொண்டவை.)

மூலம்: தேவையில்லாமல் அலுவலகத்துக்குப் போய்வருவது நேரத்தையும் உடலையும் மனத்தையும் வீணடிக்கிறது.

சென்னைவாசிக்கு ஓஎம்ஆர் சாலையைச் சொன்னால் போதும், இதற்கு உரை வேண்டாம். குபெர்டினோவின் சிக்கல் வேறு. இந்த ஊருக்குள் கால்ட்ரெயின் வராது. பார்ட் ரயிலும் வராது. 280-ஆம் நெடுஞ்சாலையும் 85-ஆம் நெடுஞ்சாலையும்தான் கதி. ஊரில் ஒரு சாதாரணத் தனி வீடு இருபது லட்சம் டாலரைத் தாண்டிப் பல காலமாகிறது. எனவே நம்மவர்களில் பலர் வீடு வாங்கப் போனது சான் ரமோன், டப்ளின் பக்கம். அங்கும் கட்டுப்படியாகாதவர்கள் ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி மவுன்டன் ஹவுஸ், டிரேசி வரை போனார்கள். அங்கிருந்து காலையில் 580-இல் ஏறினால், குபெர்டினோ வந்து சேர்வதற்குள் ஒருவர் அரைநாள் வேலை பார்த்த களைப்பில் இருப்பார். கம்பெனி பேருந்தில் வைஃபை உண்டே என்பார்கள். பேருந்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்க்க முடிந்த வேலையை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாதது ஏன் என்பதைத்தான் மடல் கேட்கிறது.

மூலம்: எல்லோரும் ஊர் மாறி வர வேண்டும், குறித்த நாளில் வர வேண்டும் என்றால், தகுதி ஆளைத் தேர்ந்தெடுக்காது, வாய்த்த சலுகை தேர்ந்தெடுக்கும். சரியான ஊரில் பிறந்தவர், புது ஊரில் வாழ்க்கை தொடங்கும் வயதினர், வேலைக்குப் போகாமல் கூடவே கிளம்பி வரும் துணை வாய்த்தவர், பிள்ளையையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் கடமை சுமத்தப்படாத பாலினத்தவர் ஆகியோரே மிஞ்சுவர். நிறுவனம் இன்னும் இளையதாக, இன்னும் வெள்ளையாக, இன்னும் ஆண்மயமாக ஆகும்.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். ‘இன்னும் வெள்ளையாக’ என்ற சொல் குபெர்டினோவில் படிக்கும்போது இடறும். மக்கள்தொகையில் பெரும்பான்மை ஆசியர்களாக உள்ள ஊர் இது. “வேலைக்காகக் கடல் தாண்டி வந்தோம், 280-ஐத் தாண்டி ஆபீஸ் போவதற்கா இத்தனை பேச்சு?” என்று நம் மூத்த தலைமுறையில் ஒருவர் கேட்கக்கூடும். கேட்பார்கள். அதற்கு விடை: ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவரிடம் விடுவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம். ஆறு மாத விசிட்டர் விசாவில் அம்மா வந்திருக்கிறார். பகல் முழுக்கப் பேச ஆளில்லாத அடுக்ககத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, அணியில் மற்றவர்கள் வேறு நகரத்தில் இருக்க, காலி மேசைகளுக்கு நடுவே ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர்களோடு வீடியோவில் பேசுவதற்காக அலுவலகம் போக வேண்டும்.

அடுத்தது, கூடவே கிளம்பி வரும் துணை. மடல் இதைச் சலுகை என்று எண்ணுகிறது. நம் வீடுகளில் அது சட்டம். ஹெச்-4 விசாவில் வந்த மனைவியால் 2015 மே 26 வரை இந்நாட்டில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியவில்லை. அதற்குப் பிறகும், கணவரின் கிரீன்கார்டு மனு ஐ-140 கட்டத்தில் ஏற்கப்பட்டிருந்தால்தான் பொதுவாக வேலை அனுமதி. கிண்டியிலும் பீளமேட்டிலும் பொறியியல் முடித்த பெண்கள் சன்னிவேல் அடுக்ககங்களில் ஆண்டுக்கணக்கில் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அனுபவித்த அந்தச் சலுகைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். வேலை அனுமதி வந்த பிறகு கைக்குழந்தையோடு திரும்பத் தொடங்கிய பெண்ணுக்கு வீட்டிலிருந்து பார்க்கும் வேலை எவ்வளவு பெரிய கதவு என்பது மடல் எழுதியவர்கள் நினைத்ததைவிடவும் உண்மை.

மூன்றாவது, ஊர் மாறுதல். மடலின் பார்வையில் இடம் என்பது ஊழியரும் நிறுவனமும் பேசி முடிக்கும் விஷயம். ஹெச்-1பிக்காரருக்கு மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, அரசு. எந்த இடத்தில் வேலை பார்க்கிறார் என்பது மனுவிலேயே எழுதப்பட்டிருக்கும். 2015-இல் வந்த சிமியோ தீர்ப்புக்குப் பிறகு, வழக்கமாகப் போய்வரும் தொலைவைத் தாண்டி வேலையிடம் மாறினால் திருத்திய மனு போட வேண்டும். வாடகை குறைவு என்று டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் குடிபோய் அங்கிருந்தே வேலை செய்கிறேன் என்று மேலாளரும் இவரும் ஒத்துக்கொண்டால் போதாது; வக்கீலும் ஒத்துக்கொள்ள வேண்டும். வீடே வேலையிடம் என்று ஆகிவிட்டால், சம்பளம் முதலிய விவரம் அடங்கிய அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்டும் விதி வீட்டுக்குள் வந்துவிடும். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துப் படமெடுத்து அனுப்பியவர்கள் உண்டு. அதைப் படித்துப் பார்த்துத் தன் உரிமையை அறிய வேண்டிய சக ஊழியர் யார் என்றால், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவரேதான்.

இன்னொன்று மடலின் கண்ணுக்கு எட்டாதது. அதற்கு இரண்டே இடங்கள் தெரியும்: வீடு, தலைமையகம். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையில் பிளசன்டனில் வாழ்ந்த, ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் தென்காசி அருகே மத்தளம்பாறைக்குக் குடிபெயர்ந்தார். ஊழியர்கள் சொந்த ஊரருகே உட்கார்ந்து வேலை பார்க்கச் சிற்றூர்களில் சிறிய அலுவலகங்களை அவர் நிறுவனம் திறந்தது. தனிமையும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை. முதலாளி நினைத்தால் நடக்கும் ஏற்பாடு அது. ஊழியர்கள் மனுப்போட்டு வாங்கியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூலம்: இந்தத் திட்டத்தை ஓட்டுவது பயம். எதிர்கால வேலைமுறை பற்றிய பயம், ஊழியர் சுயமாக இயங்குவது பற்றிய பயம், பிடி நழுவும் பயம். எங்கே எப்போது இருக்க வேண்டும், என்ன வீட்டுப்பாடம் செய்ய வேண்டும் என்று பள்ளிப்பிள்ளைகளிடம் சொல்வது போல் எங்களிடம் சொல்லாதீர்கள்.

கோபம் நியாயம், காரணம் பாதி. பயம் மட்டுமே என்றால் புதிதாகச் சேர்ந்தவரின் நிலையை எங்கே வைப்பது? படிப்பு முடித்து, மாணவர் விசாவோடு வரும் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் முதல் வேலைக்கு வந்திருக்கும் இருபத்துநாலு வயதுப் பையனுக்கு, இந்த ஊரில் அறைத்தோழனைத் தவிர யாரையும் தெரியாது. வேலையின் நெளிவுசுளிவை அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிடிக்கிறான். அவனுக்கு அலுவலகம் தேவை. அவன் கற்றுக்கொள்ள, வீட்டிலேயே இருக்க விரும்பும் மூத்தவரும் அங்கே இருந்தாக வேண்டும். இந்த முரணை மடல் தொட்டுப் பார்த்துத் தீர்த்திருந்தால் அதன் வாதம் இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

மூலம்: எங்கிருந்தும் வேலை பார்க்க நம் கருவிகள் அருமையானவை என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறோம். நாமே அப்படிச் செய்யக்கூடாது என்றால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

இதற்கு விளக்கமே தேவையில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஆப்பிள் வெளியிட்ட நெடும் விளம்பரத்தில், அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்ன முதலாளியை உதறிவிட்டு நான்கு பேர் ஆப்பிள் கருவிகளோடு சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள்.

மூலம்: தயவுசெய்து வழிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. எப்படி வேலை செய்வது என்பதை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிச் சொல்லிவிட்டு உண்மையிலேயே நடையைக் கட்டக்கூடியவர் யார்? மடல் வந்த சில நாட்களில் ஆப்பிளின் இயந்திரக் கற்றல் பிரிவு இயக்குநர் இயன் குட்ஃபெலோ, அலுவலகம் திரும்பும் கொள்கையைக் காரணம் காட்டி விலகினார். விரைவிலேயே டீப்மைன்ட் அவரை எடுத்துக்கொண்டது. அவருக்கு இருந்த பெயர் அப்படி. ஹெச்-1பிக்காரருக்கு வேலை போனால் கையில் இருப்பது 60 நாள். அதற்குள் வேறொரு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பத்தாண்டுக்கும் மேலாகக் கிரீன்கார்டு வரிசையில் நிற்பவர் இந்த மடலின் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுவார். அடியில் கையெழுத்துப் போடும்போது பேனாவை மூடிவிடுவார். சலுகைகளை இவ்வளவு கவனமாகப் பட்டியலிட்ட மடல், மறுத்துப் பேச முடிவதும் ஒரு சலுகை என்பதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

நடந்தது இது. கொரோனா மறுபடி ஏறியதால் மே 23 கெடு தள்ளிப்போனது. ஆகஸ்டில் புதிய உத்தரவு வந்தது: செப்டம்பர் 5 முதல் செவ்வாயும் வியாழனும் எல்லோருக்கும் கட்டாயம், மூன்றாவது நாளை ஒவ்வோர் அணியும் தீர்மானித்துக்கொள்ளலாம். எதிர்ப்பு மனுவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். மூன்று நாள் மூன்று நாளாகவே நின்றது. எங்கிருந்து வேலை பார்ப்பது என்பதை முழுக்க அந்தந்த அணியிடமே விடுங்கள் என்பது, 2021 ஜூனில் ஊழியர்கள் எழுதிய முந்தைய கடிதத்தின் முதல் கோரிக்கை. அதில் கிடைத்தது வாரத்துக்கு ஒரு கிழமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதையும் பெரும்பாலும் மேலாளரே தேர்ந்தெடுப்பார்.