கர்நாடகத்தின் அரசுக் கடன்

அரசு வாங்கிய கடனுக்கான வட்டி வருவாய்ச் செலவில் ஏறி, பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணத்தைக் குறைக்கும். வெளிநாட்டுக் கடனாக இருந்தால் அந்த வட்டி, வெளிநாடுகளுடனான வரவுசெலவைக் காட்டும் நாட்டின் நடப்புக் கணக்கிலும் பற்றாக விழும். பெங்களூரிலிருந்து நடந்த ஆட்சி இரண்டையும் அனுபவித்திருக்கிறது.

பிரிட்டிஷ் ஆணையர்கள் ஆண்டபோது, இன்றைய கர்நாடகத்தின் முன்னோடியான மைசூர் சமஸ்தானத்தின் கஜானாவில் சேர்ந்திருந்த உபரியைத் தாது வருடப் பஞ்சம் (1876-78) முழுக்கக் கரைத்தது. 1881இல் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி திரும்பியபோது கூடவே வந்தது சுமார் 80 லட்சம் ரூபாய்க் கடன். ஆங்கிலேயருக்குக் கட்டிய ஆண்டுக் கப்பமோ 24.5 லட்சம், புதிய ஒப்பந்தம் அதை 35 லட்சமாக்கியது; உயர்வு மட்டும் பின்னர் 1896 வரை தள்ளிவைக்கப்பட்டது. ஊரில் ஒரு கல்வெர்ட்டுகூடக் கட்டாமல் வெளியேறிய பணம் அது. கடனைவிட இதுவே கொடிய சுமை என்று சொல்ல வேண்டும்.

கடன் பயன்பட்ட இடமும் உண்டு. பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூர்–மைசூர் இருப்புப்பாதையைத் திவான் ரங்காசார்லு முடிக்கவைத்தார். அடுத்து வந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1886இல், பாதைகள் தென் மராட்டா ரயில்வே கம்பெனியிடம் போயின. விரிவாக்கக் கடன் லண்டனில் திரட்டப்பட்டது. வட்டி பவுண்டில். வெள்ளி விலை சரிந்து ரூபாய் மதிப்பு இறங்க இறங்க, கடன் கூடாமலே சுமை கூடியது.

ஒரு நூற்றாண்டு கடந்து, 1997இல் பெங்களூர் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதத்துடன் 125 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்திய நகராட்சிகளில் அதுவே முதல். இத்தகைய உத்தரவாதம், நகராட்சி தவணை தவறும்வரை மாநிலத்தின் பற்றாக்குறைக் கணக்கில் தெரியாது.

2002இல் கர்நாடகம் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றியது. 2004-05 முதல் பெருந்தொற்று வரை வருவாய் உபரி நிலைத்தது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் வருவாய்ப் பற்றாக்குறை 19,262 கோடி. மொத்தக் கடன்பொறுப்பு மாநில உற்பத்தியில் 24.91 விழுக்காடு. சட்ட வரம்பு 25. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை திரும்பியிருப்பது கவலைக்குரியது.

மாநிலத்துக்குத் தனி நடப்புக் கணக்கு கிடையாது. அது விற்கும் பத்திரங்கள் ரூபாயில், ரிசர்வ் வங்கி வழியாகவே. வெளிநாட்டுக் கடன் மத்திய அரசு மூலம் வரும். காவிரிக் குடிநீர்த் திட்டத்துக்கும் மெட்ரோவுக்கும் ஜப்பான் தந்த கடனுக்கான வட்டி யென்னில் போய், நாட்டின் நடப்புக் கணக்கில் பற்றாகிறது. பெங்களூரின் மென்பொருள் ஏற்றுமதி அதே கணக்கின் வரவுப் பக்கத்தில் சேர்கிறது.