இரண்டு பறவைகளும் ஒரு தெருவும்

பாலக்காட்டு நூரணி அக்ரஹாரத்து அனந்தகிருஷ்ண சாஸ்திரி கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர். 1950களில் வெளிவந்த அவருடைய ‘சதபூஷணி’, சுமார் அறுநூறு ஆண்டுப் பழைய நூல் ஒன்றுக்குப் பதில். அத்வைதத்தை மறுத்து வேதாந்த தேசிகர் எழுதிய ‘சததூஷணி’தான் அது. பெயரில் நூறு இருந்தாலும் இன்று கிடைப்பவை 66 வாதங்கள். சாஸ்திரிக்கு மறுப்பாக உத்தமூர் வீரராகவாசாரியார் ‘பரமார்த்தபூஷணம்’ எழுதினார். விமானம் பறக்கத் தொடங்கிய பிறகும் இந்தச் சண்டையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உபநிஷத்து ஓரிடத்தில் ஜீவனும் ஈசுவரனும் வேறு என்கிறது, இன்னோரிடத்தில் ஒன்று என்கிறது. எந்த வாக்கியத்தையும் தள்ளக் கூடாது என்பது இரு தரப்புக்கும் பொது விதி. அந்த விதிதான் சண்டையை இத்தனை நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தது.

முண்டக உபநிஷத்தின் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. முடிவிலோ, பிரம்மத்தை அறிந்தவன் பிரம்மமே ஆகிறான் என்று வருகிறது. வேறு வழியில் தெரியாததைச் சொல்லவே வேதம் வந்தது, வேறுபாடு உலகமறிந்த சங்கதி, ஆகவே பறவை வாக்கியம் தெரிந்ததைத் திருப்பிச் சொல்வதுதான் என்பார் அத்வைதி. எதிர்த்தரப்பான ராமானுஜர் கட்சி உடனே மடக்கும்: ஈசுவரன் உண்டென்பதே சாஸ்திரம் சொல்லித்தான் தெரியும், அவனுக்கும் ஜீவனுக்கும் உள்ள வேறுபாட்டை யார் எங்கே கண்டார்கள்? அடுத்த மந்திரம், மற்றவனாகிய ஈசனைக் காண்பதால் துயரம் தீரும் என்று பலனும் சொல்கிறதே? சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது. அத்வைதத் தரப்பில் சங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் பைங்கி ரகசிய பிராமணத்தைத் துணைக்கு அழைத்து, தின்னும் பறவை ஜீவன் அல்ல, அந்தக்கரணம் என்று சொல்லிப் பார்க்கிறார். அப்படியானால் ஜடமான மனம் எப்படிப் பழம் தின்னும் என்ற கேள்விக்கும் அவரே பதில் தேட வேண்டியிருக்கிறது. ராமானுஜர் தரப்புக்கும் செலவு உண்டு. பிரம்மமே ஆகிறான் என்பதை, பிரம்மத்துக்குச் சமானமாகிறான் என்று அவர்கள் கொஞ்சம் இறக்கித்தான் படிக்க முடிகிறது.

ஒரே விதிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவுக்கு வந்தால் அந்த விதிகள் வெறும் ஒப்பனைதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவை தீர்ப்புச் சொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் எதிராளியின் கட்சியை முதலில் பூர்வபட்சமாக முழுதாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டால், யார் எந்த வாக்கியத்தை வளைத்தார் என்பது மறைக்க முடியாமல் வெளியே தெரிகிறது. தனக்குப் பிடித்த வரியை மட்டும் மேடையில் முழங்குகிறவருக்கு இந்தச் சங்கடமே கிடையாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம் என்று சென்னை அரசு அறிவித்திருந்தும், 1924இல் தேர்த்திருவிழாவின்போது அதே பாலக்காட்டின் கல்பாத்தி அக்ரஹாரத்துக்குள் நடந்த, ஒதுக்கப்பட்ட சாதியினரான ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆத்மா ஒன்றா பலவா என்று அலசிய ஊர்களுக்கு நடுவில்தான் இது நடந்தது. இந்த வாசிப்பு முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விலகிக்கொள்ள முடியாது. சாந்தோக்கிய உபநிஷத்தில், வண்டிக்கடியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும் ரைக்வர், தம்மிடம் வித்தை கேட்டு வந்த ஜானச்ருதியைச் சூத்திரனே என்று அழைக்கிறார். பிறகு வித்தையையும் உபதேசிக்கிறார். சூத்திரனுக்கு வேதத்தில் அதிகாரம் இல்லை என்பவர்களுக்கு இதைவிட இடைஞ்சலான இடம் வேண்டுமா? ஆனால் பிரம்மசூத்திரத்தை இயற்றியவர் காட்டிய வழியிலேயே போய், அந்தச் சொல்லுக்குத் துக்கப்பட்டவன் என்று பொருள் சொல்லி, சங்கரரும் ராமானுஜரும் ஒருசேரக் கடந்துவிடுகிறார்கள். பறவைகளுக்காக ஒருவரை ஒருவர் விடாமல் துரத்திய இரு தரப்பும் இங்கே கைகோத்துக்கொண்டதற்குக் காரணம் முறையின் பலவீனம் அல்ல என்பது என் கணிப்பு. அந்த முறை வேலை செய்ய எதிரே ஒருவர் உட்கார்ந்து மடக்க வேண்டும். ஜானச்ருதிக்காக அப்படி மடக்கக்கூடியவர்களை வேத வாக்கியங்களின் பொருளை வாதிடும் அந்த வாக்கியார்த்த சபைக்குள் யாரும் விடவில்லை.