கடலோரமா, திண்டிவனம் சாலையா?

நம் குடியிருப்பில் சிலர் மரக்காணத்தில் மனை பார்க்கிறார்கள். உப்பளம் ஓரமாக ஒன்று, திண்டிவனம் சாலையில் ஒன்று. எதை வாங்கலாம் என்று கேட்டார்கள். நான் விலைக்கு முன்னால் ஊரின் பழைய கதையைப் பார்ப்பவன்.

1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய், பிற்பாடு மரக்காணம் வரை நீண்டது. கடல் ஏறி இறங்கினால் அதில் நீரும் ஏறி இறங்கும். தரை கடல் மட்டத்தை ஒட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்! உவர்நீரைப் பாத்தியில் தேக்கவும் அந்தத் தாழ்வுதான் வசதி. வீட்டுக்கு அது வசதியா? கிணறு உவர்க்கும், கம்பி துருப்பிடிக்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது உப்பளங்கள் மூழ்கின.

உள்ளே தள்ளிப் போனாலும் முழு நிம்மதி இல்லை. அதே புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை, திண்டிவனத்தில் ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது.

ஆனாலும் என் ஓட்டு திண்டிவனம் சாலைக்குத்தான். ஏரியும் ஓடையும் எங்கே என்பது வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கிறது. பார்த்து ஒதுங்கி வாங்கலாம். வங்கி வக்கீல் 30 வருட வில்லங்கம் பார்ப்பார், தண்ணீர் வந்த வழியைப் பார்க்க மாட்டார். முன்பணம் கொடுக்குமுன் தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் நீங்களே பாருங்கள்.