டாலி பார்ட்டன்: குரல் ஒருமுறை, பாட்டு ஒருமுறை

விட்னி ஹியூஸ்டன் பாடின 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' நம்மில் பலருக்குத் தெரியும். ஆனா அதை எழுதினது விட்னி இல்லை. டாலி பார்ட்டன்! கிராமத்துக் கதைகளை கிடாரோடு பாடுற அமெரிக்க கன்ட்ரி இசையிலிருந்து வந்தவர். அவர் பாப் பக்கம் தாண்டிய கதைதான் இன்னைக்கு.

1946-ல் டென்னசி மலைப்பகுதியில், 12 பிள்ளைகள் உள்ள ஏழை விவசாயக் குடும்பத்தில் 4-வதாகப் பிறந்தார். 1964-ல் ஸ்கூல் முடிச்ச மறுநாளே கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிளம்பிட்டார். 1967-ல் போர்ட்டர் வாகனர் என்ற பிரபல பாடகரின் டிவி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. புகழ் வந்தது, ஆனா அது போர்ட்டரோட மேடை. தனியாகப் போக முடிவெடுத்த டாலி, அவரிடம் விடைபெறத்தான் அந்தப் பாட்டை எழுதினார். 1974-ல் கன்ட்ரி பட்டியலில் அது முதலிடம்.

அப்புறம் வந்தது பெரிய சோதனை. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். ஆனா அவரோட மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர், பாட்டோட பதிப்புரிமையில் பாதி வேணும்னு நின்னார். டாலி ராத்திரி முழுக்க அழுதார். ஆனாலும் கொடுக்கலை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அமெரிக்காவில் ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால், அந்தக் காசு பாடினவருக்குப் போகாது. எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும்தான் போகும். டாலி ரெண்டு பக்கமும் இருந்தார்.

1977-ல் வெளியான 'ஹியர் யூ கம் அகெய்ன்' மூலம் பாப் பட்டியலில் 3-வது இடம் பிடித்தார். கன்ட்ரியைக் கைவிட்டுட்டாங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, கன்ட்ரியின் அடையாளமான ஸ்டீல் கிடாரை அதில் கேட்டுச் சேர்த்தார். ஆனா அது பேரி மான், சிந்தியா வைல் தம்பதி எழுதிய பாட்டு. தாண்டியது டாலியோட குரல் மட்டும்தான். அடுத்து 1980-ல் ஆபீஸ் பெண்களைப் பற்றிய '9 டு 5' படம். ஒட்டு நகங்களை உரசி டைப்ரைட்டர் சத்தம் எழுப்பிக்கிட்டே அதோட பாட்டை எழுதினார். 1981-ல் கன்ட்ரி, பாப் ரெண்டிலும் அது முதலிடம்.

1992-ல் 'பாடிகார்ட்' படத்துக்காக விட்னி அந்தப் பழைய விடைபெறும் பாட்டைப் பாடினார். பாப் பட்டியலில் 14 வாரம் முதலிடம்! இந்த முறை டாலி வாயைக்கூடத் திறக்கலை. பாட்டு தனியாகவே எல்லை தாண்டிப் போச்சு. 18 வருஷம் முன்னாடி வெளியான பாட்டுக்கான காசு, முழுசா வீடு தேடி வந்தது.

எந்த இசை யாருக்குச் சொந்தம்னு நிறைய சண்டை போடுறோம். டாலி கதையில் நான் பார்க்கிறது வேற கேள்வி: பாட்டு யார் பேரில் இருக்கு? உங்களில் பாட்டு எழுதுறவங்க, அடுத்த தடவை கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாப் படிச்சுடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!