முன்னீடும் மரமணியும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் சாரணத் தலைவர்க்குரிய மதிப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அதாவது கடலை ஒட்டிய எழுவான்கரையிலும் வயல்வெளிகள் விரிந்த படுவான்கரையிலும், ஒருவருக்குச் சபையில் கிடைக்கும் மதிப்பு நெடுங்காலம் கோயிலோடும் குடியோடும் பிணைந்திருந்தது. தாய்வழியாக வரும் மரபுக்குழுவே இங்குக் குடி எனப்படுகிறது. கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் முதலிய, பகுதி முழுவதற்கும் பொதுவான தேசத்துக் கோயில்களில் பூசை முடிந்ததும் திருநீறும் பூவும் காளாஞ்சியும் எந்தக் குடிக்கு முதலில் வழங்கப்பட வேண்டும், எந்தக் குடிக்கு அடுத்தது என்று வகுத்து வைத்த ஒழுங்கு முன்னீடு என்று அழைக்கப்பட்டது. கோயில் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற வண்ணக்கர்களும், முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் பொறுப்பை ஏற்ற மரைக்காயர்களும் குடிகளின் சார்பிலேயே அந்த இடங்களில் அமர்ந்தனர். இந்த மதிப்பு வெறும் பெருமையாக இருக்கவில்லை. திருவிழாச் செலவையும் உழைப்பையும் ஏற்கும் கடமையும் அதனோடு சேர்ந்தே வந்தது. ஆயினும் அதைப் பெறுவதற்கான முதல் தகுதி பிறப்பாகவே இருந்தது. பிறப்பைக் கேட்காமல், ஊதியமும் தராமல், ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒருவர் செலவிட்ட மாலைப்பொழுதுகளை மட்டும் கணக்கில் கொண்டு மதிப்பளிக்கும் வேறொரு முறை, இருபதாம் நூற்றாண்டில் சாரணியத்தின் வழியாக இந்தக் கரைகளை வந்தடைந்தது.

இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கம், ஐந்தாண்டுகளுக்குள் இலங்கைக்கு வந்தது. 1912இல் மாத்தளைக் கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் தொடங்கிய துருப்பே நாட்டின் முதல் சாரணர் துருப்பாகக் கருதப்படுகிறது. பேடன் பவல் தாமே 1921இலும் 1934இலும் இலங்கைக்கு வந்து சென்றார். மட்டக்களப்பில் இந்த இயக்கம் வேரூன்றுவதற்கான நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் தொடங்கிய பள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்திருந்தது. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி 1895 முதல் இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்தது. விடுதி, விளையாட்டுத் திடல், ஆங்கிலம் அறிந்த ஆசிரியர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்த இத்தகைய கல்லூரிகளே சாரணியத்தின் நிலைக்களங்களாயின. வகுப்பறைப் பணி முடிந்தபின் காக்கிச் சீருடை அணிந்து திடலுக்கு வந்த ஆசிரியரே இப்பகுதியின் சாரணத் தலைவர் என்னும் வழக்கம் அதனால் நிலைத்தது. சாரண ஆசிரியர் என்ற பெயரும் அவ்வாறே பரவியது.

பிரித்தானியச் சங்கத்தின் கிளையாக இலங்கைச் சாரணியம் இயங்கிய காலத்தில் தலைவர்களுக்கான விருதுகளும் அங்கிருந்தே வந்தன. 1909இல் ஏற்படுத்தப்பட்ட வெள்ளி ஓநாய் என்னும் விருது மிக உயர்ந்த சேவைக்குரியது. அதற்குக் கீழே சிறப்புச் சேவைப் பதக்கமும் நீண்டகாலச் சேவைப் பதக்கமும் இருந்தன. அக்காலத்து நன்றிச் சின்னத்திலும் சிறப்புச் சேவைப் பதக்கத்திலும் சாரணரின் மூவிதழ் மலரோடு சுவஸ்திகம் பொறிக்கப்பட்டிருந்தது என்பதும், ஹிட்லரின் ஆட்சி அந்தக் குறியைக் கறைப்படுத்தியபின் 1930களின் நடுவில் அது நீக்கப்பட்டது என்பதும் தமிழ் வாசகர் அறியத்தக்க செய்திகள். உலக அமைப்பு தரும் வெண்கல ஓநாய் விருது 1935இல் தோன்றியது. முதலில் பெற்றவர் பேடன் பவல். இலங்கை 1953இல் உலக அமைப்பின் தனி உறுப்பினராகி, 1957ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைச் சாரணர் சபை கூட்டிணைக்கப்பட்டபின், விருதளிக்கும் உரிமை கொழும்புக்கு வந்து சேர்ந்தது. எனினும் விருதின் அடிப்படை மாறவில்லை: தலைவர் தமக்காக விண்ணப்பிப்பதில்லை, அவரது பணியை அறிந்த சாரண ஆணையாளர் எழுதும் பரிந்துரையின் பேரிலேயே பதக்கம் வருகிறது.

பரிந்துரையால் வராமல் உழைப்பால் மட்டுமே வரும் அடையாளம் ஒன்று உண்டு. சாரணத் தலைவர்கள் தம் உள்ளத்தில் பதக்கங்களைவிட மேலாகப் போற்றுவதும் அதுவே. தருச்சின்னம் என்று இலங்கைத் தமிழில் வழங்கும் அந்தச் சின்னம், தோல்வாரில் கோத்த இரண்டு சிறு மரமணிகள் மட்டுமே. 1919ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டனுக்கு அருகிலுள்ள கில்வெல் பூங்காவில் முதல் பயிற்சி நடந்தபோது, பங்கேற்றவர்களுக்குச் சான்றிதழுக்குப் பதிலாக எதையேனும் தரவேண்டும் என்று எண்ணிய பேடன் பவல், 1888ஆம் ஆண்டின் ஸூலு நிலப் போரின்போது தம் கைக்கு வந்த, அரசர் டினிசூலுவுக்கு உரியதென்று அவர் கூறிய கழுத்தணியிலிருந்து மணிகளை எடுத்து வழங்கினார். வென்றடக்கப்பட்ட மக்களிடமிருந்து பெற்ற பொருள் சேவையின் அடையாளமானது என்னும் உண்மையை மறைக்காமல் சொல்வதே முறை. இலங்கை போன்ற குடியேற்ற நாட்டில் அம்மணிகளை அணிந்தவர்கள் அந்த வரலாற்றையும் சேர்த்தே அணிந்தனர். மணிகளோடு, கில்வெல் நிலத்தை வாங்கித் தந்த மக்லாரன் என்பவரின் குலத்துக் கட்டத்துணித் துண்டு தைத்த கழுத்துப்பட்டியும் அளிக்கப்படுகிறது. பிறரைப் பயிற்றுவிக்கும் உதவிப் பயிற்றுநர் மூன்று மணிகளும், முழுப் பயிற்றுநர் நான்கு மணிகளும் அணிவர்.

இரண்டு மணிகளை அடைவதற்கு ஒரு தலைவர் கடக்கவேண்டிய வழி எளிதன்று. முகாமில் தங்கிச் செய்முறைப் பயிற்சி பெறுதல், கொள்கையையும் முறையையும் பற்றிய வினாக்களுக்கு எழுத்தில் விடையளித்தல், கற்றதைத் தம் துருப்பில் மாதக்கணக்கில் நடைமுறைப்படுத்தி அதை மூத்தவர் ஒருவர் வந்து பார்த்து ஏற்குமாறு செய்தல் என்று அது மூன்று நிலைகளாக அமைந்தது. கொழும்பிலோ கண்டியிலோ வாழ்ந்த ஆசிரியருக்கும் வாவிக்கரை ஆசிரியருக்கும் விதி ஒன்றாக இருந்தும் சுமை ஒன்றாக இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு ரயில் 1928இல்தான் வந்தது. நாட்டின் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் மேற்கிலும் மலைநாட்டிலுமே அமைந்தன. தொடக்கக் காலத்தில் பாடமும் விடைத்தாளும் ஆங்கிலத்தில் இருந்தமையால், ஊர்ப்புறத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியருக்கு வாசலே அடைபட்டிருந்தது. படுவான்கரையின் நிலை இன்னும் கடினமானது. மண்முனையில் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து எழுவான்கரைக்கு வருவோர் அங்கே ஓடத்துறையையே நம்பியிருந்தனர். ஒரு தலைவரின் துருப்பைப் பார்வையிட்டுச் சான்று எழுத ஆணையாளர் வாவியைக் கடந்தாக வேண்டும் என்றால், எந்தக் கரையின் உழைப்பு எளிதில் ஏட்டில் ஏறியிருக்கும் என்பது விளக்கம் வேண்டாதது. குடியைக் கேட்காத இந்த மதிப்புமுறை, கரையையும் மொழியையும் கேட்டது என்பதே அதன் பெருங்குறை.

ஒரு தலைவரின் தகுதியை அளக்க ஊர் கொண்ட அளவுகோல் பெரும்பாலும் அவருடைய மாணவர்களின் விருதாகவே இருந்தது. சாரணன் ஒருவன் சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது என்று படிப்படியாக ஏறி அடையும் உச்சம் ஜனாதிபதி சாரணர் விருது; முடியாட்சிக் காலத்தில் அரசர் சாரணர் என்றும் அரசியார் சாரணர் என்றும் வழங்கிய அது, 1972இல் நாடு குடியரசான பின்னர் இப்பெயரைப் பெற்றது. முடிச்சுப் போடுதல், முதலுதவி, நீச்சல், நெடும்பயணம், சமூகப்பணி எனப் பல தேர்வுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து முடிக்க வேண்டிய அவ்விருதில், ஒவ்வொரு படியிலும் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் துருப்பின் தலைவரே. அவர் இடையில் இடமாற்றம் பெற்றால் பல மாணவரின் பயணம் பாதியில் நின்றுவிடும். ஆகவே ஒரு பாடசாலையில் ஆண்டுதோறும் இவ்விருதாளர் தோன்றினர் என்றால், அங்கே விலகாமல் நின்ற ஒரு சாரண ஆசிரியர் இருந்தார் என்று துணிந்து கூறலாம்.

உள்நாட்டுப் போர் இந்தப் பணியின் பொருளையே மாற்றியது. காக்கிச் சீருடை, கயிறு, கத்தி, வரைபடம், திசைகாட்டி, காட்டுப்பாதை, இரவு முகாம் என்று சாரணியத்துக்கு இன்றியமையாத அனைத்தும் சோதனைச்சாவடிகள் நிறைந்த மாவட்டத்தில் ஐயத்துக்குரியவையாயின. 2000களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆயுதக் குழுக்களில் சேர்க்கப்பட்டமையை யுனிசெஃப் முதலிய அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. அத்தகைய ஊரில் பிள்ளைகளை மாலையில் ஒன்றுகூட்டி, உறுதிமொழி சொல்லச் செய்து, இருட்டுமுன் வீடு சேர்ப்பித்த ஆசிரியர் ஏற்ற பொறுப்பு, அமைதிக் காலத்தில் வகுக்கப்பட்ட எந்த விருது விதியிலும் அடங்கக்கூடியதன்று. கிழக்கில் 2007இல் போர் ஓய்ந்தது. எனினும் 2012 ஏப்ரலில் மட்டக்களப்பு நகரில் காந்தி சிலையோடும் தமிழறிஞர் இருவரின் சிலைகளோடும் பேடன் பவலின் சிலையும் உடைக்கப்பட்டது. சாரணியத்தின் நிறுவனர் இந்நகரின் பொதுவெளியில் காந்திக்கு இணையாக நின்றிருந்தார் என்பதை அந்த வருந்தத்தக்க நிகழ்வே உலகுக்கு அறிவித்தது.

இளைஞர் பணியை இவ்வூர் தன் வழியில் மதித்ததற்கு மற்றொரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து 1940களில் வந்து, புனித மிக்கேல் கல்லூரியை மையமாகக் கொண்டு பல தலைமுறை மாணவர்க்கு விளையாட்டுப் பயிற்சி அளித்து, 1998இல் மறைந்த இயேசு சபைத் துறவி ஹெரல்ட் ஜோன் வெபரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. இன மத வேறுபாடின்றி எல்லாரும் வெபர் அரங்கு என்றே அழைக்கும் அந்தப் பெயர், எந்தச் சங்கமும் அணிவிக்கக்கூடிய பதக்கத்தைவிடப் பெரிது. சாரண ஆசிரியர்களுள் எவருக்கும் இத்தகைய நினைவிடம் அமையாததற்கு அவர்களின் பணி சிறியது என்பது காரணமன்று. பல பள்ளிகளில் பலராகச் சிதறி உழைத்தமையும், அவர்களைப் பற்றி எவரும் எழுதாமையுமே காரணம்.

2016இல் யாழ்ப்பாணத்திலும் 2024இல் திருகோணமலையிலும் தேசிய ஜம்போரி என்னும் பெருமுகாம் கூடியதால், தமிழ்பேசும் மாவட்டங்களின் தலைவர்களுக்கும் நாட்டின் பிற பகுதித் தலைவர்களுக்கும் இடையிலிருந்த தூரம் ஓரளவு குறைந்துள்ளது. ஆனால் பரிந்துரை எழுதுவதற்குப் பதிவு வேண்டும். பதிவோ துருப்பின் குறிப்பேடுகளிலும் பழைய பாடசாலை மலர்களிலும் முதிய ஆசிரியர்களின் நினைவிலும் மட்டுமே கிடக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையையும், அடுத்தடுத்த இடப்பெயர்வுகளையும் கடந்து எஞ்சிய ஏடுகளை வாவியின் இரு கரைப் பாடசாலைகளும் திரட்டிப் படியெடுத்து, எந்தத் துருப்பை எந்த ஆண்டுகளில் யார் நடத்தினார் என்னும் பட்டியலை, முதலில் படுவான்கரையிலிருந்து, அந்த ஆசிரியர்கள் உயிரோடிருக்கும்போதே தொகுக்க வேண்டும்.