நாலு பேரும் ஒரே இடத்தில் மறக்க மாட்டார்கள்

முதலாண்டில் வேதியியலோ கணிதமோ பிடிபடாமல் அரியரை நோக்கிப் போகும் மாணவருக்கு, முந்தைய ஆண்டு அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீனியர் ஒருவர் கைகொடுப்பது இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் முறையான ஏற்பாடு. அந்தச் சீனியருக்குப் பயிற்சி உண்டு, பல இடங்களில் சம்பளமும் உண்டு. நவீனக் கல்வியியலின் கண்டுபிடிப்பு போலத் தோன்றும் இதன் பூர்வகதை நம் பக்கத்து மண்ணில் தொடங்குகிறது.

1623 நவம்பரில் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே கன்னட நாட்டு இக்கேரிக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் தங்கினார். அங்கே கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ராகம் போட்டுச் சொன்னபடியே தரையில் பரப்பியிருந்த மெல்லிய மணலில் விரலால் எழுதுவான். மற்ற மூவரும் கூடவே பாடி எழுதுவார்கள். மணல் நிறைந்ததும் கலைத்துப் பரப்பிவிட்டு மறுபடி ஆரம்பம். வாத்தியாரைக் காணோம். தப்பு வந்தால் யார் திருத்துவது என்று தெல்லா வாலே கேட்டார். நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், நாலு பேரும் ஒரே இடத்தில் மறக்க முடியாதே என்றார்கள் பையன்கள். கல்வி ஆய்வாளர்கள் பின்னாளில் எழுதிய எத்தனையோ விளக்கங்களைவிட இந்தப் பதில் எனக்குத் தெளிவாகப் படுகிறது.

நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இதே மணல் சென்னையில் இன்னொரு அந்நியரின் கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் படித்த இடம் அது. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு ‘மலபார்’ பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தமிழர்களை அக்கால ஆங்கிலேயர் ‘மலபார்’ என்றுதான் அழைத்தார்கள். தன் பள்ளியிலும் அகரவரிசையை இப்படிக் கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடமே ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். வாத்தியாருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை பாடம் கேட்பதும் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவதும் திண்ணைப் பள்ளிகளில் அன்றாட வழக்கம். ஆனால் பெல்லின் ஊருக்கு அது புதுமை. ஓர் ஆசிரியர் பிடிவாதமாக மறுத்த அந்த ஒரு நாளால்தான் இந்த வழக்கம் கப்பலேறியது என்றே சொல்லலாம்.

1797இல் லண்டனில் இந்த முறையை விளக்கும் பெல்லின் சிறு நூல் வெளியானது. அதை அடுத்து குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஜோசப் லான்காஸ்டர், ஏழைப் பிள்ளைகளுக்கான தன் பள்ளியில் ஏறக்குறைய அதே முறையைக் கையாண்டார். யார் முன்னோடி என்று இருவரின் ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், அதற்கு வெளியே இருந்த சபையினர் லான்காஸ்டர் பக்கம். போட்டி போட்டுக்கொண்டு இரு தரப்பும் பள்ளிகளைத் திறந்ததால் ‘மெட்ராஸ் முறை’ காட்டுத்தீயாகப் பரவியது. நியூயார்க் எடுத்துக்கொண்டது. தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவார் லான்காஸ்டரை வெனிசுவேலாவின் கராகசுக்கே வரவழைத்தார். பெல் தன் சொத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் நிறுவிய பள்ளிக்கு ‘மெட்ராஸ் கல்லூரி’ என்று பெயர். இன்றும் அது நடக்கிறது.

இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் சிக்கனம். ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் லான்காஸ்டர். மணியடித்தால் எழு, சைகை காட்டினால் பலகையை நீட்டு என்று வகுப்பறை படைமுகாம் ஆனது. கோயில் முகப்பில் நால்வர் சேர்ந்து யோசித்த அந்த உயிர் இதில் போய்விட்டது. அது பெரிய இழப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அரசுகள் நாடத் தொடங்கியதும் இந்த முறை மெல்ல ஒதுங்கியது.

மறுபிறவி 1973இல், அமெரிக்காவின் கன்சாஸ் நகரில். மிசோரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் படித்த மாணவர்கள் பாதியில் விலகுவதைத் தடுக்க வழி தேடினார் டியானா மார்ட்டின். மற்றவர்கள் மக்கு மாணவர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கடினமான பாடத்தைத் தேடினார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேரைத் தடுக்கி விழவைக்கும் பாடம் என்றால், அதை எடுத்த எல்லாருக்கும் உதவி, விருப்பமுள்ளவர் வரலாம். ‘தேறாதவன்’ என்ற முத்திரை யார் மீதும் விழாது. அந்தப் பாடத்தை முன்பே முடித்த மாணவர் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு குழுவைக் கூட்டுவார். விரிவுரை ஆற்ற அவருக்கு அனுமதி கிடையாது. கேள்வி வந்தால் அதைக் குழுவிடமே திருப்பிவிட வேண்டும்.

எழுபதுகளிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் சறுக்குகிறார்கள், சீன அமெரிக்கர்கள் ஏன் தேறுகிறார்கள் என்று கேட்டார். முயற்சிக் குறைவு, குடும்பச் சூழல் என்று சுற்றியிருந்தோர் ஊகித்த எதுவும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாக, ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் தனியே போட்ட கணக்கை மாலையில் கூடி ஒப்பிட்டார்கள். ஒருவர் விடை மட்டும் மாறினால் அவர் போட்டது தப்பு. யாருக்குமே வரவில்லையென்றால் கணக்குதான் கடினம். டிரைஸ்மன் தொடங்கிய பட்டறைகளில் கணக்குகள் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தன. சலுகை காட்டாத அந்த மரியாதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கன்சாஸ் நகர முறையை 1990இல் லண்டனின் கிங்ஸ்டன் பாலிடெக்னிக் பிரதி எடுத்தது. 1994இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டன. லுண்டில் ஒரு திருப்பம்: அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் சுற்றுவட்டார மேல்நிலைப் பள்ளிகளுக்கே போய், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துக் கணக்குப் போடச் செய்கிறார்கள்.