குடற்புழு நோய்: தமிழகம்

மனிதக் குடலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் தங்குவதால் வரும் தொற்று குடற்புழு நோய். பேச்சுவழக்கில் ‘வயிற்றில் பூச்சி’. மண்வழி பரவும் மூன்று வகைகளே பொதுச் சுகாதாரத் திட்டங்களின் இலக்கு: உருண்டைப்புழு (நாக்குப்பூச்சி), சாட்டைப்புழு, கொக்கிப்புழு. பிள்ளைகளை இரவில் ஆசனவாய் அரிப்பால் படுத்தும் கீரிப்பூச்சி, விரல் நகத்திலும் படுக்கைத் துணியிலும் ஒட்டிப் பரவுவது. மண்ணை நாடாததால் இவ்வரிசையில் சேராது. நாடாப்புழு சரியாக வேகாத இறைச்சியில் வருவது. அதற்கு மருந்தே வேறு.

பெண் உருண்டைப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து பக்குவமாகி, கழுவாத கை, காய்கறி வழியே வாய்க்குள் போகிறது. கொக்கிப்புழுவின் வழி வேறு: முட்டை ஈர மண்ணில் பொரிந்து, புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குடல்சுவரைக் கவ்வி இரத்தம் குடிப்பதால் சோகை வரும். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது ‘நெகேட்டர்’ என்னும் வகை.

வரலாறு

தமிழ்க் கூலிகள் கப்பலேறிப் போன இலங்கையில் சோகை பிடித்து உடல் வீங்கியவர்களுக்கு வந்திருப்பது ‘பெரிபெரி’ நோய் என்றே மருத்துவர்கள் நெடுநாள் எழுதிவந்தனர். அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி, அது கொக்கிப்புழுவின் வேலை என்று 1887இல் அறிக்கை தந்தார். புழுவை மிலான் நகரில் தூபினி என்பவர் 1838இலேயே பிணப் பரிசோதனையில் கண்டிருந்தார். ஆனால் அது உடலுக்குள் நுழையும் வழி விளங்க 1898 ஆயிற்று. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவரின் கையில் புழுக்குஞ்சு கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. தோல் எரிந்து சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களிலும் 1920இல் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சென்னைப் பணியை நடத்தியவர் ஜான் கென்ட்ரிக். இலங்கைக்குக் கப்பலேறக் காத்திருந்த தமிழ்க் கூலிகளுக்கு 1920களில் மண்டபம் முகாமிலேயே புழு மருந்து தரப்பட்டது. அந்நாளைய மருந்து எளிதல்ல. வெறும் வயிற்றில் தைமால் அல்லது செனோபோடியம் எண்ணெய், அதன்பின் பேதியுப்பு. தைமாலோடு எண்ணெயோ சாராயமோ சேர்ந்தால் ஆபத்து. 1921இல் வந்த கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுத்தது. 1925இல் டெட்ராகுளோரோஎத்திலீன் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. தோட்டத் துரைமார் மருந்துக்குத் தலையாட்டினர். கக்கூசு கட்டக் காசை அவிழ்க்கவில்லை. மருந்து குடித்தவன் மறுநாள் அதே தேயிலைச் செடிக்கடியில்தான் ஒதுங்கினான். இயக்கம் சறுக்கியதற்குத் தொழிலாளரின் பழக்கத்தைக் குறைசொல்லும் பழைய அறிக்கைகள் அரைக் கதையே சொல்கின்றன.

பழவேற்காட்டை அடுத்த வைரவன்குப்பம் என்னும் மீனவர் ஊரில் 1980களில் எல்கின்ஸ், ஹாஸ்வெல்-எல்கின்ஸ், ராய் ஆண்டர்சன் குழு செய்த ஆய்வு உலக அளவில் மேற்கோள் காட்டப்படுவது. ஊராருக்குப் பைரன்டெல் என்னும் புழு மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஆள்வாரியாகச் சேகரித்து எண்ணினார்கள். புழுக்களில் பெரும்பங்கு ஒரு சிலரிடமே இருந்தது. மாதங்கள் கழித்து மீண்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, முதலில் அதிகம் சுமந்தவர்களே மறுபடியும் அதிகம் சுமந்திருக்கும் போக்கு தெரிந்தது.

நோயறிதல்

மலத்தில் முட்டை தேடுவதே அடிப்படை. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் காட்டோ–காட்ஸ் முறையில், சல்லடையில் வடித்த மலத்தைத் துளையுள்ள தகட்டில் நிரப்பி 41.7 மி.கி. அளந்து கண்ணாடிச் சில்லில் வைத்து, கிளிசரின் ஊறிய செலோஃபேன் தாளால் மூடி அழுத்துவர். எண்ணிக்கையை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டைக் கணக்கு. கொக்கிப்புழு முட்டையை அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் கிளிசரினில் வெளிறி மறைந்துவிடும், தொற்று இல்லை என்று சீட்டு வரும். கீரிப்பூச்சிக்கு மலப் பரிசோதனை பெரும்பாலும் உதவாது. காலையில் கழுவுமுன் ஆசனவாயில் ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்துப் பார்ப்பர். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது புழுவின் அடையாளம் என்னும் நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

மருத்துவம்

அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி, பொடித்து நீரில் கலந்து. உருண்டைப்புழுவுக்கு மிக நன்றாகவும் கொக்கிப்புழுவுக்கு ஓரளவு நன்றாகவும் கேட்கும். சாட்டைப்புழு ஒரு வேளைக்கு எளிதில் மசியாது. கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் கூடாது. சோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். கீரிப்பூச்சி என்றால் வீட்டார் அனைவரும் மருந்தை உண்டு, இரண்டு வாரத்தில் திரும்ப உண்ண வேண்டும். புழுவுக்கென்று உண்ணும் வேப்பங்கொழுந்து, சுண்டை வற்றல் உணவாகத் தீங்கில்லை. ஆடுதீண்டாப்பாளையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருப்பதால் அதைக் கைவைத்தியமாகக் கொடுக்கக் கூடாது.

கட்டுப்பாடு

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரையானோருக்குப் பரிசோதனையின்றியே அல்பெண்டசோல் மாத்திரை. மாத்திரை விலையைவிடப் பரிசோதனைச் செலவு அதிகம் என்பதால் இதுவே முறையான வழி. வயது வந்தோரையும் சேர்த்து ஆண்டுக்கு இருமுறை கொடுக்கும் ‘டீவார்ம்3’ சோதனையை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை திமிரியிலும் சவ்வாது மலையிலும் நடத்தியது. தேசிய நாளன்று, சென்னையில் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் போன்ற கடலோரக் குடியிருப்புகளுக்கும் அங்கன்வாடியும் பள்ளியுமே மாத்திரை சேரும் இடம். பிள்ளை அதைக் கடித்து மென்று விழுங்குவதை ஆசிரியர் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. வழக்கமான நாட்கள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அன்று விடுபட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் மீண்டும் தருவார்கள். அங்கன்வாடியில் கேட்டுப் பெறலாம், காசு கிடையாது.